மெரினா மணலில் ஒரு மதியத் தூக்கம்

கோடையில் ஆவடிக்காரர்கள் கடற்காற்றுக்குக் காத்திருப்பது ரயிலுக்குக் காத்திருப்பது மாதிரி. மெரினாவில் பன்னிரண்டு, ஒரு மணிக்கே வீச ஆரம்பித்துவிடும். வெயிலில் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அது நகரத்தைத் தாண்டி, அம்பத்தூரையும் தாண்டி நம் ஊர் வந்து சேரும்போது பிற்பகல் நன்றாகச் சாய்ந்திருக்கும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் வந்தே சேராது. ஆகையால் வசதிப்பட்ட போதெல்லாம் காற்று இருக்கும் இடத்துக்கு நாமே போய்விடுவது என்று ஒரு வழக்கம் எங்கள் தொழிற்சாலை நண்பர்களிடம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்த கையோடு மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெரினாவில் ஒரு படகு நிழலில் துண்டை விரித்துப் படுத்தால் மூன்று மணி வரை உலகம் தெரியாது.

நாங்கள் படுத்த அந்த மணலுக்கு அப்படியொன்றும் வயதாகவில்லை என்பது ரிட்டயர் ஆன பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆங்கிலேயர்களின் ஆரம்ப காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலைகளைத் தாண்டித்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். இந்தத் தொல்லை தீர ஒரு துறைமுகம் கட்ட முடிவு செய்தார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் (பின்னால் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர்) அடிக்கல் நாட்டினார். 1881 புயலில் பெரும் பகுதி உடைந்து, மறுபடியும் கட்டினார்கள்.

நம் கரையோரமாக மணல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே போகும். வருடத்தின் மற்ற பெரும்பகுதியில் வடக்கே போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடந்தோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கிறது. அதன் வழியில் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. கடல் பின்வாங்கியது. இன்று சில இடங்களில் சாலையிலிருந்து அலைக்கு 300 மீட்டருக்கு மேல் நடக்கிறோமே, அந்த அகலம் இப்படி வந்ததுதான்.

தெற்கே தேங்கினால் வடக்கே குறைய வேண்டுமல்லவா? ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கமெல்லாம் கடல் உள்ளே வந்தது. வீடு போனது, தெருவும் போனது. பல ஆண்டுகளாகக் கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் அங்கே கரையைக் காப்பாற்றி வருகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் போனவர்கள் அந்தக் கல்வரிசையைப் பார்த்திருப்பீர்கள். தென்சென்னையில் நாம் கால் நீட்டிப் படுக்கும் மணல் வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மெரினாவை வெறும் இயற்கை அழகு என்று சொல்ல வாய் வருவதில்லை.

சேர்ந்த மணலுக்குப் பெயர் வைத்தவர் 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப். சிசிலித் தீவில் தான் பார்த்த கடற்கரையை நினைத்து, 1884-ல் அமைத்த இந்த உலாவுமிடத்துக்கு மெரினா என்று பெயரிட்டார். உலாவுமிடம்தான், படுக்குமிடம் அல்ல! துரைமார்கள் சாயங்காலம் வண்டியில் வந்து காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊரிலேயே கடற்கரைக்குப் போவது முதலில் வைத்தியமாகத்தான் இருந்தது. 1750-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளிக்கச் சொல்லி எழுதியதிலிருந்து பிரைட்டன் போன்ற ஊர்கள் பெருகின. வெயிலில் படுத்துக் கிடப்பது 1920-களில் வந்த நாகரிகம். அதுவும் காசுள்ளவர்களுக்கு. பிரான்சில் 1936-ல் சட்டப்படி இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்த பிறகுதான் தொழிலாளி குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் போயின. கடற்கரையில் நிம்மதியாகக் கண்ணயர வேண்டுமானால் மணலும் காற்றும் மட்டும் போதாது, லீவும் வேண்டும்.

அந்த விஷயத்தில் நம் மெரினா பிரான்சுக்கு முந்தியது என்று நான் பெருமையாகச் சொல்வேன். 1923 மே 1 அன்று, இந்தியாவில் முதல் மே தினக் கூட்டத்தை ம. சிங்காரவேலர் சென்னையில் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். மே தினம் பிறந்ததே எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையிலிருந்துதான். மீதி நேரத்தில் மனிதன் தூங்க வேண்டும், மனிதனாக இருக்க வேண்டும். அதைக் கேட்டவர் எங்கிருந்தோ வந்தவர் அல்ல. அதே கடற்கரையின் அயோத்தியா குப்பத்தில், 1860-ல் மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர்.

ஷாப்பில் நாங்கள் அனுபவித்த வார விடுமுறையும், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்ற கணக்கும் 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தவை. லீவு கார்டில் கையெழுத்துப் போட்ட காலத்தில் இதற்கெல்லாம் பின்னால் யார் இருந்தார்கள் என்று யோசித்தவர்கள் எங்களில் ரொம்பக் குறைவு. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-ல் வந்தது. நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அருமையான சிலை. ஆனால் அவர்களுக்கு ஷிப்ட் முடிவதே இல்லை!

இனி வருவது வருத்தமான பகுதி. 1985 கடைசியில் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அரசு முடிவு செய்தது. மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த உத்தரவு. அயோத்தியா குப்பம், நடுக்குப்பம் மக்கள் மறுத்தார்கள். டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் உயிரிழந்தார்கள். சிங்காரவேலர் பிறந்த குப்பம் அது.

கட்டுமரம் கிடப்பதும் அதன் நிழலில் ஆட்கள் படுத்திருப்பதும் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒழுங்கீனமாகத் தெரிந்திருக்கலாம். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குக் கடலுக்குப் போய்விட்டுக் காலையில் கரையேறுகிறவனுக்கு மத்தியானம்தான் ராத்திரி. நைட் ஷிப்ட் பார்த்த எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நண்பகலில் எங்கள் குவார்ட்டர்ஸிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆட்கள் தூங்கினார்கள். அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. எங்களுக்குச் சுவர் இருந்தது, அவர்களுக்குப் படகு. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பார்வை 1985-ஓடு போய்விட்டதா? 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டு ஓர மீன் கடைகளை அகற்றியபோது மீன்களைச் சாலையில் கொட்டிப் பெண்கள் மறியல் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அடுத்த வருடம் அங்கே புதிய மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சாலைக்கு முன்பே குப்பம் இருந்தது என்பதைக் காரில் போகிறவர்களுக்கு யார் சொல்வது?

இப்போதும் வேலை நாளில், மத்தியான வேளையில் மெரினா போனால் மணல் கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்கும். ராட்டினத்தின் அடியிலும் சுண்டல் கடைத் தார்ப்பாய் நிழலிலும் சிலர் படுத்திருப்பார்கள். ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வந்தவர், இன்டர்வியூவுக்கு வந்த பையன், இப்படி. சட்டைப் பையில் ஒரு கையை வைத்துக்கொண்டே தூங்குவார்கள். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். இவர்களுக்காக யாரும் இந்தக் கரையை அமைக்கவில்லை, ஆனாலும் இவர்களுக்கு இடம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, நொச்சிக்குப்பம் பக்கம் போனால் கட்டுமரங்களுக்குப் பதில் ஃபைபர் படகுகள் இருக்கும். அவற்றின் நிழலில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் வலை விரித்திருந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு போங்கள். அதன் மேல் செருப்புக் காலோடு நடக்கக்கூடாது. படகுக்குள்ளே ஒருவேளை ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், சத்தம் போடாதீர்கள்.