ஜிடோக்கா

ஜிடோக்கா: டொயோட்டா உற்பத்தி முறையின் இரு தூண்களில் ஒன்று. தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் செய்வது மற்றொன்று. தானியக்கத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் நடு எழுத்தில் ‘மனிதர்’ என்ற குறியைச் சேர்த்து இதை எழுதுவார்கள். ஓசை மாறாது, பொருள் ‘மனித அறிவு கலந்த தானியக்கம்’ என்றாகிவிடும்.

இதன் வேர் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. தறிக்கொருவர் காவல் நிற்க வேண்டியதில்லை, ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். நிற்கத் தெரிந்த எந்திரம் என்பதே இதன் பெருமை. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இதன் காப்புரிமையை வாங்கியது.

இக்கருத்தை டொயோட்டாவின் கார் ஆலையில் வேரூன்றச் செய்தவர் தாயிச்சி ஓனோ (1912–1990). பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார். ‘அன்டோன்’ விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவருவார். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைத் தேடுவார்கள்.

ரோபோக்கள் பெருகிய பின்னும் இந்த வரிசைமுறை மாறக் கூடாது: வேலையைக் கையால் செய்து பார்த்து, வீணான அசைவுகளைக் களைந்து, அதன் பிறகே எந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். களையாமல் ஒப்படைத்தால் வீண் வேலையும் சேர்ந்தே வேகமெடுக்கும். பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து 2017-இல் டொயோட்டாவின் செயல் துணைத் தலைவரான மிட்சுரு கவாய், ஆலைகளில் கைவேலைப் பயிற்சிக்கு மீண்டும் இடம் கொடுத்தார்.