ராஜம் கிருஷ்ணன்: களத்துக்குப் போய்க் கதை கேட்டவர்

தொண்ணூறுகளில் எமது கல்லூரியில் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கை நினைவூட்டத் தேவையில்லை. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறக் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. பாடப் புத்தகத்துக்கென அளந்து வைத்த அந்த வெளிச்சத்தைக் களவாடித்தான் நாம் நாவல் வாசித்தோம். நூலகத்திலிருந்த 'கரிப்பு மணிகள்' அட்டை கிழிந்து, சிவப்பு நூலால் தைக்கப்பட்டு, வகுப்பெல்லாம் கைமாறி வந்தது. அதை எழுதிய ராஜம் கிருஷ்ணனைப் பற்றி இந்த மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. எமக்கு நூறாண்டு நிலைத்த ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அவருக்கு அப்படியொன்று வாய்க்கவில்லை.

1925இல் திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு இல்லை. தானே வாசித்துத் தானே எழுதப் பழகியவர். 1953இல் 'பெண் குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசும், 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அக்காதமி விருதும் பெற்றார்.

கணவர் மின்பொறியியலாளர். அவருடைய வேலை நிமித்தம் நீலகிரியில் வாழ்ந்த காலம்தான் ராஜம் கிருஷ்ணனின் எழுத்துக்கு வேறொரு வழியைத் திறந்தது. அங்குள்ள படகர் சமூகத்தோடு பழகி எழுதிய நாவல் 'குறிஞ்சித்தேன்'. தானியம் விளைந்த மலைச் சரிவுகளில் தேயிலையும் பணமும் வந்தபோது உறவுகள் எப்படி மாறின என்பதே அதன் கதை. எம்முடன் படித்த மலையகத் தோழிகள் அதை எம்மைவிட ஆழமாக வாசித்தார்கள்.

'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பஸ் யன்னலால் ஆனையிறவு உப்புக் குவியல்களை அழகென்று பார்த்தவர்கள். பொன்னாச்சி என்ற பெண்ணோடு அந்தப் பாத்திக்குள் இறங்கிய பிறகுதான் உப்பு கால்களை என்ன செய்யும், வெள்ளை வெளிச்சம் கண்களை என்ன செய்யும், கங்காணியின் பார்வை என்ன செய்யும் என்று தெரிந்தது. ராஜம் கிருஷ்ணன் வீட்டில் இருந்து இதையெல்லாம் கற்பனை செய்யவில்லை. உப்பளத்துக்கே போனார், அங்குள்ள பெண்களோடு இருந்து கேட்டார். 'அலைவாய்க்கரையில்' நாவலுக்காக மீனவர்களிடமும், 'சேற்றில் மனிதர்கள்' நாவலுக்காகத் தஞ்சை வயல் கூலிகளிடமும் அப்படியே போனார். பின்னாளில் மருத்துவபீடத்தில், நோயாளி சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள் என்று எமக்குச் சொல்லித் தந்தபோது, இதை எங்கேயோ முன்பே படித்திருக்கிறோமே என்று தோன்றியது.

குறையில்லாத எழுத்து என்று சொல்லமாட்டோம். சில இடங்களில் சேகரித்த தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடும். பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். பதினாறு வயதில் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளினோம். இப்போது அவற்றைத்தான் நின்று வாசிக்கிறோம்.

'பாதையில் பதிந்த அடிகள்' கையில் கிடைத்தால் விடாதீர்கள். விதவைக் கோலத்தை உதறி, வேட்டியும் சட்டையும் அணிந்து, தஞ்சை விவசாயக் கூலிகளைத் திரட்டிய மணலூர் மணியம்மையின் கதை அது.

அவருடைய கடைசிக் காலம் எம்மை வருத்துவது. பிள்ளைகள் இல்லை. 2002இல் கணவர் மறைந்தார். சேமிப்பும் கைவிட்டுப் போக, முதியோர் இல்லத்துக்குப் போனார். பின்னர் சென்னை போரூரில் உள்ள ராமச்சந்திரா மருத்துவமனை அவரை ஏற்றுப் பராமரித்தது. 2009இல் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. எழுத்தாளர் உயிரோடு இருக்கையிலேயே அப்படிச் செய்வது அபூர்வம். 'டாக்டர் ரங்காச்சாரி' என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் வாழ்க்கையை எழுதியவர், தன் இறுதி ஆண்டுகளை வைத்தியர்களின் பராமரிப்பிலேயே கழித்து, 2014 ஒக்டோபர் 20 அன்று காலமானார். எமது வார்ட்டுகளிலும் பார்வையாளர் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் உண்டு. அவர்களில் ஓரிருவர் எமக்குத் தமிழ் படிப்பித்தவர்கள்.

1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பியபோது அந்தக் 'கரிப்பு மணிகள்' பிரதி நூலகத்தில் இல்லை. யாரோ ஒருத்தி தன் பையில் வைத்து எடுத்துப்போயிருக்க வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேணிலோ, சிவப்பு நூலால் தைத்த அந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். தாமதக் கட்டணம் கேட்கமாட்டோம்.