கிரேஸ் குடும்பம்: மருத்துவமும் கிரிக்கெட்டும்

இங்கிலாந்தில் கிரிக்கெட்டை நாட்டுப் பித்தாக வளர்த்ததில் ஒரு மருத்துவக் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிஸ்டலை அடுத்த டவுன்எண்ட் கிராமத்தில் மருத்துவம் பார்த்த ஹென்றி மில்ஸ் கிரேஸ், வீட்டுப் பழத்தோட்டத்தில் ஆடுகளம் அமைத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினார். தாய் மார்த்தாவும் ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர். ஐந்து மகன்களில் நால்வர் மருத்துவரானார்கள்; கடைக்குட்டி பிரெட்டும் மருத்துவம் படித்துவந்தார்.

1848-ல் பிறந்த வில்லியம் கில்பர்ட் கிரேஸ் 1879-ல் மருத்துவப் படிப்பை முடித்தார். அதன்பின் பிரிஸ்டலில் தொழிலாளர் நிறைந்த ஈஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்தார். கோடையில் அவர் ஆடச் சென்றால், நோயாளிகளைக் கவனிக்க வேறொரு மருத்துவர் அமர்த்தப்படுவார்.

இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட் 1880 செப்டம்பரில் ஓவல் மைதானத்தில் நடந்தது. கிரேஸ் சகோதரர் மூவர் அதில் ஆடினர். வில்லியம் அடித்த 152 ஓட்டங்களே இங்கிலாந்தின் முதல் டெஸ்ட் சதம். அதே மாதம் பிரெட் 29 வயதில் இறந்தார்.

1887-ல் மான்செஸ்டரில் பந்தைத் துரத்திய குரூம் என்ற வீரரின் கழுத்தில் வேலிக் கம்பி குத்தியது. தையல் ஊசி வரும்வரை கிழிந்த காயத்தின் விளிம்புகளைக் கைவிரல்களால் அசையாமல் சேர்த்துப் பிடித்திருந்தார் கிரேஸ். குரூம் பிழைத்தார்.

1895-ல், 46 வயதில், கிரேஸ் நூறாவது முதல்தரச் சதத்தை எட்டினார். அவருக்கென ஒரு நாளிதழ் திரட்டிய நிதிக்கு மக்கள் ஆளுக்கொரு ஷில்லிங் அனுப்பினார்கள். 1915-ல் அவர் மறைந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் 1923-ல் அமைக்கப்பட்ட நுழைவாயில் அவர் பெயரையே தாங்குகிறது.