தேவைகள் பகுப்பாய்வு

தேவைகள் பகுப்பாய்வு என்பது, உருவாக்கப்படவிருக்கும் ஒரு கணினி முறைமை என்ன செய்யவேண்டும், எந்தச் சூழலில், எந்த வரையறைகளுக்கு உட்பட்டு இயங்கவேண்டும் என்பவற்றைக் கண்டறிந்து ஆவணப்படுத்தும் மென்பொருள் பொறியியல் செயற்பாடு ஆகும். அவற்றை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைத் தீர்மானிப்பது முறைமை வடிவமைப்பு எனப்படும்.

வகைகள்

முறைமை ஆற்றவேண்டிய பணிகள் செயற்பாட்டுத் தேவைகள் எனப்படுகின்றன. வேகம், நம்பகத்தன்மை, பாதுகாப்பு முதலான பண்புகள் செயற்பாடுசாராத் தேவைகள் ஆகும். முறைமை இயங்கும் சூழல் பற்றிய எடுகோள்களும் இவற்றுடன் பதியப்படவேண்டும். எழுதப்படாத எடுகோளைச் சோதனையில் சரிபார்க்க இயலாது.

எடுத்துக்காட்டு: ஏரியான் 5

1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவில் இருந்து முதன்முதலாக ஏவப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, ஒரு நிமிடத்துக்குள் வானிலேயே சிதைந்தது. அது சுமந்து சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ஏவூர்தியின் நிலையையும் அசைவையும் அளக்கும் கருவியின் மென்பொருள், ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதில் கிடைத்திசைவேகம் சார்ந்த ஒரு 64 இருமி மிதவைப்புள்ளி எண், 16 இருமி முழு எண்ணாக மாற்றப்பட்டது. இவ்வகை முழு எண்ணின் உச்ச அளவு 32,767 ஆகும். ஏரியான் 4 இன் பாதையில் மதிப்பு இவ்வளவைத் தாண்டாது என்பதால், கணினியின் பணிச்சுமையைக் கருதி அம்மாற்றத்துக்குப் பாதுகாப்பு நிரல் எழுதப்படவில்லை. ஏரியான் 5 இன் கிடைத்திசைவேகம் மிக விரைவாகக் கூடியதால் மதிப்பு வரம்பை மீறியது, கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்தமையால், அதுவும் அதே காரணத்தால் சற்று முன்னரே நின்றுவிட்டிருந்தது. செயலிழந்த கருவி அனுப்பிய பிழைத் தகவலைப் பறப்புத் தரவாகக் கொண்ட முதன்மைக் கணினி, ஏவூர்தியைத் திடீரெனத் திசைதிருப்பியது.

பிழைக்கு இடமான அந்தக் கணிப்பு ஏரியான் 5 புறப்பட்ட பின்னர் தேவையே இல்லை. ஏரியான் 4 இன் பழைய தேவை ஒன்றினால் அது தொடர்ந்து இயங்கியது.

விசாரணை முடிவு

சாக்-லூயி லயன்சு தலைமையிலான விசாரணைக் குழு 1996 சூலையில் அறிக்கை அளித்தது. அளவீட்டுக் கருவிக்கான தேவை ஆவணத்தில் ஏரியான் 5 இன் பாதைத் தரவுகள் சேர்க்கப்படவில்லை என அது சுட்டியது. நிரல் தனக்குரிய ஆவணத்தின்படியே இயங்கியது. குறை ஆவணத்திலேயே இருந்தது. எனவே மென்பொருளை மறுபயன்பாடு செய்யும்போது, அதன் எடுகோள்கள் புதிய சூழலுக்குப் பொருந்துகின்றனவா எனத் தேவைகள் பகுப்பாய்வை மீண்டும் மேற்கொள்வது இன்றியமையாதது.

மீண்டும் உருவாக்கப்பட்ட கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் 2000 ஆம் ஆண்டில் சோயூசு ஏவூர்திகள் மூலம் ஏவப்பட்டன.