தாய்க்கும் ஒரு பாடம், மாணவருக்கும் ஒரு பாடம்

மூன்று வயதாகியும் குழந்தை பேசவில்லை என்றால் பெற்றோர் பதறிப்போய் பேச்சு சிகிச்சையாளரை நாடுகிறார்கள். அவர் குழந்தையோடு இருப்பது பெரும்பாலும் வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில் இருக்கிறது. அப்படியானால் உண்மையில் சிகிச்சை அளிக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இத்துறையின் வரலாற்றில் முக்கியமான ஒரு பகுதி.

அமெரிக்காவில் பேச்சுத் திருத்த வல்லுநர்கள் 1925ஆம் ஆண்டு தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாமே நிபுணரைச் சுற்றித்தான் நடந்தது. குழந்தை அறைக்குள் பயிற்சி பெறும். தாய் வெளியே காத்திருப்பார்.

இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் ஒரு தாயும் உண்டு. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ் டிரேசி. 1924இல் பிறந்த அவருடைய மகன் ஜானுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. மகனுக்குத் தாமே பேசக் கற்றுக்கொடுத்த அவர், 1942இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜான் டிரேசி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பாடம் குழந்தைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான். தொலைவில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வழியாக இலவசப் பாடங்கள் அனுப்பப்பட்டன.

அடுத்த பெரிய மாற்றம் கனடாவில் ஏற்பட்டது. 1975இல் மாண்ட்ரியல் நகரில் அயாலா ஹானன் மனோல்சன் என்ற பேச்சு சிகிச்சையாளர் பெற்றோரைக் குழுவாக அமர்த்திப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். குழந்தையை உற்றுப் பார்ப்பது, பொறுத்திருப்பது, காது கொடுத்துக் கேட்பது என்ற மூன்றும் அப்பயிற்சியின் அடிப்படை. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோவில் பதிவு செய்து, பிறகு அவர்களோடு சேர்ந்து பார்த்துப் பேசும் முறையும் அதில் உண்டு. ஹானன் திட்டம் என்று அது இன்று பல நாடுகளில் அறியப்படுகிறது.

1986இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சேவைகளைக் குடும்பத்தை மையமாக வைத்துத் திட்டமிடச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் திட்டத்தில், திக்கிப் பேசும் குழந்தைக்கு நாள்தோறும் பயிற்சி தருபவர் பெற்றோரே. 54 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஒரு சோதனை அதன் பயனை 2005இல் உறுதி செய்தது. பெற்றோர் வழி மொழிப் பயிற்சி பற்றிய 18 ஆய்வுகளை 2011இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் நல்ல பலனே தெரிந்தது.

சிக்கல் வேறொரு பக்கம் இருந்தது. மாணவர்கள் குழந்தையோடு பழகப் பயின்றார்கள். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பயிலவில்லை. இருபத்திரண்டு வயது மாணவி, இரண்டு பிள்ளை பெற்ற தாயிடம் எப்படிப் பேசுவது? அறிவுரைகளை அடுக்கினால் தாய் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் எதுவும் மாறாது.

ஆகவே பயிற்சியின் வரிசை மாறியது. முதலில் தாயோடு சேர்ந்து திட்டமிடுவது, அடுத்து, தாயும் குழந்தையும் பழகுவதைக் கவனிப்பது, பிறகு தாயையே செய்யவிட்டு அருகில் இருப்பது, "எது உதவியது?" என்று கேட்பது, கடைசியில்தான் தம் கருத்தைச் சொல்வது. மாணவர்கள் ஒருவர் பெற்றோராகவும் மற்றவர் சிகிச்சையாளராகவும் நடித்துப் பழகலாம். தம் வீடியோவையே பார்த்து, தாம் பேசியது எவ்வளவு, தாயைப் பேசவிட்டது எவ்வளவு என்று கணக்கிடலாம். வாயை மூடிக் காத்திருப்பதே மாணவருக்குக் கடினமான பாடம்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007இலும் இத்துறையில் பட்டக் கல்வியைத் தொடங்கின. இங்கே வீட்டில் பாட்டி தமிழில் பேசுவார், பெற்றோர் ஆங்கிலம் கலப்பார்கள், பணிப்பெண் வேறு மொழி பேசுவார். "தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டதும் உண்டு. இரு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாக்கிவிட்டன. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால், பேரப்பிள்ளையோடு பாட்டிக்கு இருக்கும் உறவுதான் அறுந்துபோகும். நன்கு பயின்ற மாணவர் கட்டளை இடமாட்டார், "வீட்டில் குழந்தையோடு விளையாடுவது யார், எந்த மொழியில்?" என்றுதான் முதலில் கேட்பார்.

சிகிச்சை முடிந்து எழும்போது, "இதை வீட்டில் எப்படிச் செய்வது? என்னையும் ஒருமுறை செய்யவிட்டுப் பாருங்கள்" என்று பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம். அந்த ஒரு மணி நேரத்தை வாரம் முழுவதற்கும் நீட்டக்கூடியவர்கள் அவர்கள்தாம்.