அறுவைக் காணொளிவழி உடற்கூறியல்

லேப்ராஸ்கோப் கேமரா பதிவுசெய்யும் அறுவை சிகிச்சைக் காட்சிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடலமைப்பைக் கற்பிக்கும் முறை. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் எம்.பி.பி.எஸ். முதலாண்டில் மாணவர் காண்பது ஃபார்மலினில் ஊறிய உடலைத்தான். அதில் தமனி, சிரை, நரம்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம்.

காணொளியில் நிலைமை வேறு. பித்தப்பையை நீக்கும்போது அதன் கழுத்தை இடுக்கி இழுத்துப் பிடிக்கிறது; மஞ்சள் கொழுப்பை விலக்கியதும் பித்தப்பை நாளமும், அருகே துடிக்கும் மெல்லிய தமனியும் தெரிகின்றன. கலோ முக்கோணம் எனப்படும் இப்பகுதி மனத்தில் பதிய இந்த ஒரு காட்சியே போதும்.

நோயாளியைக் குப்புறக் கிடத்தி உணவுக்குழாய்ப் புற்றுக்கு 130 பேருக்கு நுண்துளை அறுவை செய்த அனுபவத்தைக் கோவை ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு குழு 2006இல் வெளியிட்டது. இந்நிலையில் நுரையீரல் தானாகவே முன்பக்கம் சரிய, காணொளியில் மார்பின் பின்னறை திறந்து தெரியும். பாடநூற்படம் இதைக் காட்டுவது அரிது.

ஆனால் தசையின் இறுக்கத்தை, திசுவின் தடிமனை விரல்தான் உணரும்; கூறாய்வு மேசைக்குக் காணொளி துணை மட்டுமே. நோயாளியின் ஒப்புதல் கட்டாயம். பெயரும் முகமும் பதிவில் இருக்கக் கூடாது.