குளிர்ஜுரத்தின் இருப்பிடம்

1880 நவம்பர் 6ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியில், மலேரியா எனப்படும் குளிர்ஜுரத்தால் வாடிய சிப்பாய் ஒருவனின் சாயமேற்றாத இரத்தத்துளியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியர் லாவரான், உருண்டையான கிருமியொன்றின் விளிம்பில் நூலிழைகள் துடிதுடித்து அசைவதைக் கண்டு, சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே இந்நோய்க்குக் காரணம் என்ற புராதன நம்பிக்கையின் வேரை அசைத்தார். சில ஆண்டுகளில் இத்தாலியின் பவியா நகரத்து ஆராய்ச்சியாளர் கோல்ஜி, சிவப்பணுவுக்குள் புகுந்து வளரும் அக்கிருமி பல கூறாகப் பிரிந்து, அணுவை உடைத்து வெளிப்படும் தருணத்திலேயே நடுக்கமும் ஜுரமும் எழுகின்றன என்று நிரூபித்தார். இக்கிருமியைச் சுமக்கும் கொசு கடித்த பின், இரத்தத்தில் தோன்றும்வரை கிருமி எங்கே மறைந்து பெருகுகிறது என்ற வினாவுக்கு, ஷார்ட், கார்ன்ஹாம் ஆகிய ஆராய்ச்சியாளர் இருவரும் 1948இல் கல்லீரல் அணுக்களைக் காட்டி விடை பகர்ந்தனர். பொறுமையுடன் உற்றுநோக்கிய இவர்களின் உழைப்பே இன்றைய மலேரியா ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமாகும்.